ஆனர்ஸில் இடம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வரலாறோ இலக்கியமோ தத்துவமோ படிக்கப் போகிறேன், ஆனர்ஸ் காலேஜிலும் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னதுமே சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அதுல என்ன பிரயோஜனம்?" என்பதுதான். எரிச்சல் வரும். ஆனாலும் நியாயமான கேள்வி. நான் வரலாறு படித்த நான்கு வருடத்தில் முதல் ஒன்றரை வருடம் எனக்கே பதில் தெரியாது. சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக வரும், விடுதி கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். வாராவாரம் வந்த ஆனர்ஸ் செய்திமடலைத் திறக்காமலே அழித்தேன். அழித்தவற்றில் ஒன்றில் கோடைக்கால ஆய்வுக்கான பண உதவி இருந்தது என்பது அடுத்த வருடம் பக்கத்து அறைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது.

முதலில் ஒரு குழப்பம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் 'பி.ஏ. ஆனர்ஸ்' என்றால் அது பட்டத்தின் பெயர். அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படி இல்லை. மேஜர், அதாவது முதன்மைப் பாடம் தனி, ஆனர்ஸ் அதன்மேல் ஏறுகிற இன்னொரு அடுக்கு: சிறிய வகுப்புகள், கொஞ்சம் கூடுதல் நிபந்தனைகள், கடைசியில் பல இடங்களில் ஓர் ஆய்வேடு. 1922-ல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஃபிராங்க் அய்டெலட் தொடங்கிய திட்டம் இதற்கெல்லாம் ஒரு முன்னோடி. அவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பியவர். அங்கே பார்த்த செமினார் முறையையும் வெளித்தேர்வாளர் முறையையும் கொண்டுவந்தார். ஸ்வார்த்மோரில் இன்றைக்கும் ஆனர்ஸ் மாணவர்களுக்குத் தேர்வு வைப்பது வேறு இடங்களிலிருந்து வரும் அறிஞர்கள்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1935 முதல் நடக்கும் 'பிளான் டூ' இன்னொரு வகை, அங்கே ஆனர்ஸே ஒரு மேஜர். ஓரிகானின் கிளார்க் ஆனர்ஸ் காலேஜ் (1960), பென் ஸ்டேட்டின் ஷ்ரையர் (1997), அரிசோனா ஸ்டேட்டின் பாரெட் என்று ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. அதனால் சீனியர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று நம்பாதீர்கள்.

முதல் வாரம்: விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

உங்கள் ஆனர்ஸ் காலேஜின் கையேட்டை எடுத்து நான்கு விஷயங்களை மட்டும் தேடுங்கள். மொத்தம் எத்தனை ஆனர்ஸ் கிரெடிட் வேண்டும்? ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) எதற்குக் கீழே போனால் வெளியே அனுப்புவார்கள், அதற்கு முன் எச்சரிக்கை செமஸ்டர் உண்டா? ஆய்வேடு கட்டாயமா? வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்தால் அது ஆனர்ஸ் கணக்கில் சேருமா? நான்குக்கும் பதில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டுங்கள். வகுப்புகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்யும் சலுகை ஆனர்ஸ் மாணவர்களுக்குப் பல இடங்களில் உண்டு. அது எந்தத் தேதியில் திறக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கதவும் ஒரு கடிதத்தில் திறக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஆய்வு நிதி, ஃபெல்லோஷிப், மேற்படிப்பு என்று நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் அநேகமாக எல்லாவற்றுக்கும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். "என் வகுப்பில் ஏ வாங்கினார், நல்ல மாணவர்" என்கிற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. போட்டிக்கு வருகிற எல்லோருமே ஏ வாங்கியவர்கள்தான். "மூன்றாவது வாரம் இந்தக் கேள்வியோடு என் அறைக்கு வந்தார், நான் சொன்ன புத்தகத்தைப் படித்துவிட்டு நான் சொன்னதையே மறுத்தார்" என்று எழுத முடிகிற ஒருவர் உங்களுக்கு வேண்டும். இரண்டாம் வருட முடிவுக்குள் அப்படி இரண்டு பேர் இருக்க வேண்டும். ஆனர்ஸில் கிடைப்பவற்றிலேயே பெரியது இதற்கான வாய்ப்புதான். 200 பேர் உட்காரும் லெக்சர் ஹாலில் உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. இருபது பேர் செமினாரில் மறைய இடமே இல்லை.

அதற்கு வழி, ஆஃபீஸ் அவர்ஸ். வாரத்தில் குறிப்பிட்ட நேரம் பேராசிரியர் கதவைத் திறந்துவைத்து மாணவர்களுக்காகக் காத்திருப்பார். நம் பிள்ளைகள் பலருக்கு இது புரிவதில்லை. ஏதாவது தப்பு செய்தால்தான் வாத்தியார் அறைக்குப் போக வேண்டும் என்று பழகி வந்தவர்கள் நாம். நான் முதல்முறை போனபோது கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல நின்றேன். உள்ளே அவர் ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தொந்தரவு பண்ணிட்டேனா?" என்றேன். "இந்த ஒரு மணி நேரம் யாராவது வருவாங்களான்னுதான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். பேசியது பதினைந்து நிமிடம். அதில் பாதி, ஓர் அடிக்குறிப்பைப் பற்றி.

என்ன பேசுவது? "வகுப்பு நன்றாக இருந்தது" என்று போகாதீர்கள், அதற்கு அவர் நன்றி சொல்வார், பேச்சு முடிந்துவிடும். படித்ததில் ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். "இந்த இடத்தில் ஆசிரியர் சொல்வதற்கு ஆதாரம் என்ன? எனக்குப் பிடிபடவில்லை" என்று கேளுங்கள். செமஸ்டருக்கு மூன்று நான்கு தடவை போதும். எப்படிக் கூப்பிடுவது என்று தயக்கம் இருந்தால், 'ப்ரொஃபசர்' என்று சொல்லி அவருடைய குடும்பப் பெயரைச் சேருங்கள். அவரே முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்படிக் கூப்பிடுங்கள். சார், மேடம் என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள், கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள்.

வகுப்புகளைப் பொறுக்குவது

ஆனர்ஸ் கிரெடிட் சேர மூன்று வழி இருக்கும். ஆனர்ஸ் மாணவர்களுக்கென்றே நடக்கும் செமினார், வழக்கமான பாடத்தின் ஆனர்ஸ் பிரிவு, மூன்றாவது 'ஆனர்ஸ் கான்ட்ராக்ட்'. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சாதாரண வகுப்பு ஒன்றில் சேர்ந்து, பேராசிரியரோடு பேசி, கூடுதலாக ஒரு வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக்கொள்வது அது. உதாரணத்துக்கு, கலை வரலாறு வகுப்பில் மற்றவர்கள் தேர்வு எழுதுவார்கள். நீங்கள் அதோடு வளாக அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்து, அது எங்கிருந்து யார் கையால் வந்தது என்று பன்னிரண்டு பக்கம் எழுதுவீர்கள். செமஸ்டரின் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் படிவம் போக வேண்டும், அப்புறம் கேட்டால் நடக்காது. இந்தப் பன்னிரண்டு பக்கம்தான் பின்னால் ஆய்வேட்டின் விதையாகும், கடிதம் எழுதுகிறவருக்குச் சரக்காகவும் ஆகும்.

ஒரு பிறமொழியை இடைநிலை வரைக்கும், கணிதமோ புள்ளியியலோ தர்க்கமோ ஒரு பாடமாவது எடுத்துவிடுங்கள். ஏன் என்பதை, நன்றாகப் படிப்பவர்களை உறுப்பினராகச் சேர்க்கும் கௌரவச் சங்கங்கள் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

செயல்பாடுகள்: இரண்டு போதும்

முதல் மாதம் மைதானத்தில் சங்கங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். ஒன்பது தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். வருட முடிவில் ஒன்றிலும் இருக்கமாட்டோம். இரண்டைப் பிடித்து மூன்று வருடம் விடாமல் இருப்பது மேல்.

லிபரல் ஆர்ட்ஸ் (வரலாறு, இலக்கியம், தத்துவம் மாதிரி) மாணவருக்கு நான் முதலில் சொல்வது, மாணவர்களின் கட்டுரைகளைச் செம்மைப்படுத்த உதவும் ரைட்டிங் சென்டரில் ட்யூட்டர் வேலை. சம்பளமும் உண்டு. இன்னொருவரின் கட்டுரையில் எங்கே வாதம் நழுவுகிறது என்று ஒரு வருடம் பார்த்தவருக்குத் தன் கட்டுரையில் அது தானாகத் தெரிய ஆரம்பித்துவிடும். தத்துவம், அரசியல் பக்கம் சாய்வு இருந்தால் எத்திக்ஸ் பௌல். இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் 1993-ல் ராபர்ட் லேடன்சன் தொடங்கிய போட்டி இது. பட்டிமன்றம்போல ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எதிரணியைச் சாய்க்க வேண்டியதில்லை. இரண்டு அணிகளும் ஒரே முடிவுக்குக்கூட வரலாம், யார் ஆழமாக யோசித்தார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். சட்டம் படிக்க நினைப்பவர்கள் மாக் ட்ரையல் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டிப் பக்கம் போவார்கள். மாணவர் ஆய்விதழ் இருந்தால் ஆசிரியர் குழுவில் சேரப் பாருங்கள்.

ஊர் சுற்றப் பிடிக்குமா? தேசிய அளவில் ஆனர்ஸ் திட்டங்களுக்கென்று 1966 முதல் ஒரு கவுன்சில் இருக்கிறது, என்.சி.எச்.சி. என்பார்கள். 'பார்ட்னர்ஸ் இன் த பார்க்ஸ்' என்ற பெயரில் தேசியப் பூங்காக்களுக்கு ஆனர்ஸ் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கூடாரம், நடை, இரவில் பேராசிரியர்களோடு பேச்சு. இதற்குக் கட்டணம் உண்டு. பாதியையாவது உங்கள் ஆனர்ஸ் அலுவலகம் தருமா என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

உதவித்தொகைப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய வரி

இதில்தான் நம்மவர்கள் நிறைய நேரத்தை வீணாக்குகிறார்கள். என் கூடப் படித்த ஒரு பெண் கோடை முழுக்க உட்கார்ந்து கட்டுரை எழுதி, கடைசியில்தான் 'அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம்' என்ற வரியைப் பார்த்தாள். எனவே தொகையைப் பார்க்கும் முன் தகுதியைப் பாருங்கள்.

குடியுரிமை கேட்பவை: அமெரிக்க மாணவர்களுக்கான ஃபுல்பிரைட் (1946-ல் வந்த சட்டத்தால் தொடங்கியது), பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவர்களுக்கான அரசு உதவி) வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவும் கில்மன், மொழி படிக்கப் பணம் தந்து பிற்பாடு அரசு வேலையில் சேரச் சொல்லும் போரன், பொதுச்சேவையில் இறங்க நினைக்கும் மூன்றாம் வருட மாணவருக்கான ட்ரூமன், பிரிட்டனில் மேற்படிப்புக்கான மார்ஷல். எந்த நாட்டவரும் போட்டியிடக்கூடியவை: ஸ்டான்ஃபோர்டின் நைட்-ஹென்னெஸி, பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்கவைக்கும் ஷ்வார்ஸ்மன். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகைக்குப் பிரிட்டன் குடிமக்கள் தவிர யாரும் வரலாம்.

எனக்குப் பிடித்தது வாட்சன். 1968 முதல் இருக்கிறது. படிப்பு முடித்த கையோடு ஒரு வருடம் அமெரிக்காவுக்கு வெளியே போய், நீங்களே யோசித்த ஒன்றைத் தேடித் திரியப் பணம் தருவார்கள். வகுப்பு கிடையாது, பட்டமும் கிடையாது. ஆனால் அவர்களோடு இணைந்த சில பத்துக் கல்லூரிகளின் மாணவர்களுக்கு மட்டும்தான், அதுவும் கல்லூரியே பெயரை முன்மொழிய வேண்டும். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தால் முதல் வருடத்திலேயே மனதில் போட்டுவையுங்கள்.

இவற்றில் பலவற்றுக்கு இரண்டு கெடு. ஒன்று அந்த அமைப்பு சொல்வது, மற்றது அதற்குப் பல வாரம் முன்னால் உங்கள் வளாகம் வைப்பது. ஃபுல்பிரைட்டுக்கு வெளிக்கெடு அக்டோபரில் என்றால் வளாகக் கெடு கோடை விடுமுறை முடிந்த சூட்டோடு வந்துவிடும். அதாவது விண்ணப்பத்தை ஜூனிலேயே ஆரம்பிக்க வேண்டும். விதிகள் வருடாவருடம் மாறும், ஃபெல்லோஷிப் அலுவலகத்தில் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

ஆய்வில் கை வைப்பது

ஆய்வு என்றால் லேப் கோட் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் ஒதுங்கிப்போகிறார்கள். நமக்கு லேப், நூலகத்தின் சிறப்புச் சேகரிப்புப் பிரிவு. பல பல்கலைக்கழகங்களில் அது ஏதோ ஒரு மாடியில் ஆளில்லாமல் இருக்கும், இளங்கலை மாணவர் வந்தால் அங்கிருப்பவர்களுக்கே சந்தோஷம்.

போகும் முன் 'ஃபைண்டிங் எய்ட்' என்னும் பட்டியலை இணையத்தில் பாருங்கள். எந்தப் பெட்டியில், எந்தக் கோப்பில், எந்த வருடத்துக் காகிதம் என்று அதில் இருக்கும். நேரில் போனால் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். சாம்பல் நிற அட்டைப்பெட்டி ஒன்று வரும். ஒரு சமயத்தில் ஒரு கோப்பைத்தான் வெளியே எடுக்கலாம், எடுத்த இடத்தில் ஓர் அட்டையைச் செருக வேண்டும், வரிசை மாறக்கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் முதல் படமாகப் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் தெரியும்படி மேலட்டையை எடுங்கள். நான் முதல் நாள் 60 படம் எடுத்தேன், ஒன்றில்கூட எண் இல்லை. அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது எந்தக் கடிதம் எந்தப் பெட்டி என்று தெரியாமல் முழு நாளும் மறுபடி போக வேண்டியதாயிற்று.

தமிழ் படிக்கத் தெரிவது அங்கே எவ்வளவு பெரிய பலம் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரிகள் 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் வந்தார்கள். அவர்களை அனுப்பிய சங்கத்தின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அந்த ஆங்கில அறிக்கைகளைப் படித்தவர்கள் பலர். அதே மிஷன் 1841-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'உதயதாரகை' இதழைப் பக்கத்தில் வைத்து, தமிழில் தங்கள் வாசகருக்கு என்ன சொன்னார்கள், கப்பலேற்றி ஊருக்கு என்ன எழுதினார்கள் என்று ஒப்பிடக்கூடிய இளங்கலை மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இது ஓர் உதாரணம்தான். நீங்கள் அறிந்த மொழி எதுவானாலும் அதை விண்ணப்பத்தின் மூலையில் 'தெரிந்த மொழிகள்' என்று போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

மனிதர்களைப் பேட்டி எடுப்பதானால் ஐ.ஆர்.பி. என்னும் நெறிமுறைக் குழுவைக் கேட்க வேண்டியிருக்கும். 2018-ம் ஆண்டுத் திருத்த விதிகள் வாய்மொழி வரலாறு, இதழியல், வாழ்க்கை வரலாறு போன்றவற்றைக் கூட்டாட்சி அரசின் 'ஆய்வு' வரையறைக்கு வெளியே வைத்திருக்கின்றன. அதற்காக நீங்களே முடிவு செய்துகொள்ளாமல், பேட்டியைத் தொடங்கும் முன் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள்.

ஆய்வேடு: மூன்றாம் வருடம் பிடித்து

மூன்றாம் வருட இலையுதிர் செமஸ்டரில் வழிகாட்டியைப் பிடியுங்கள். வசந்த செமஸ்டரில் முன்மொழிவு. கோடையில் மூலங்களைப் படிப்பது, நான் ஆரம்பத்தில் சொன்ன கோடைக்கால ஆய்வு நிதி இதற்குத்தான். நான்காம் வருடம் டிசம்பருக்குள் இரண்டு அத்தியாயம், பிப்ரவரிக்குள் முழு வரைவு, ஏப்ரலில் குழுவின் முன் வாய்மொழித் தேர்வு. எல்லோரும் இப்படித்தான் திட்டம் போடுவார்கள், எல்லோரும் ஒரு மாதம் பிந்துவார்கள். பிந்தினாலும் தப்பிக்கும்படி வரைவை முன்னால் தள்ளிவையுங்கள்.

தலைப்பைச் சுருக்குவதுதான் கஷ்டம். 'தெற்காசியாவில் மிஷன் கல்வி' என்று கொண்டுபோனால் வழிகாட்டி சிரிப்பார். 1824-ல் தொடங்கிய உடுவில் பெண்கள் பள்ளியின் முதல் பத்து வருட அறிக்கைகளில் மாணவிகளின் பெயர்கள் எப்படி மாறுகின்றன என்று கொண்டுபோனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கேள்வி கையில் அடங்க வேண்டும்.

எழுதியதை வெளியே படித்துக்காட்ட இடமும் உண்டு. இளங்கலை ஆய்வுக்கான தேசிய மாநாடு 1987-ல் ஆஷ்வில்லில் தொடங்கியது, எல்லாத் துறைக்கும் இடம் தரும். என்.சி.எச்.சி. இலையுதிர் காலத்தில் கூடும். வரலாற்று மாணவர்களுக்கு ஃபை ஆல்ஃபா தீட்டா, ஆங்கில இலக்கியத்துக்கு சிக்மா டௌ டெல்டா என்ற கௌரவச் சங்கங்கள் நடத்தும் கூட்டங்கள் இருக்கின்றன. முதல்முறை மண்டல அளவில் போங்கள், கூட்டம் சிறியது, கேள்வி கேட்பவர்கள் அன்பாகக் கேட்பார்கள்.

கௌரவச் சங்கங்கள், எது அசல்

பழையது ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5 அன்று வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. இதற்கு விண்ணப்பிக்க முடியாது, அவர்கள்தான் அழைப்பார்கள். மதிப்பெண்ணோடு படிப்பின் அகலத்தையும் பார்ப்பார்கள். மொழியும் கணிதமும் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். நான்காம் வருடம் வந்து யோசித்தால் இடம் இருக்காது.

இதற்கு நடுவே, 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்' என்று தங்க எழுத்தில் மின்னஞ்சல்கள் வரும். உள்ளே போனால் உறுப்பினர் கட்டணம். பணம் கேட்பதே தப்பில்லை, நல்ல சங்கங்களும் ஒருமுறை கட்டணம் வாங்குகின்றன. உங்கள் வளாகத்தில் அதற்குக் கிளை உண்டா, பொறுப்புப் பேராசிரியர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். அழிக்க வேண்டிய மின்னஞ்சலும் உண்டு.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு

செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ட்யூட்டர், நூலகம், பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளர் எல்லாம் இதில் வரும். வெளியே இன்டர்ன்ஷிப் என்றால் சி.பி.டி. (படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலை) அனுமதி வேண்டும். அது உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும், வேலையைத் தொடங்கும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகம் ஐ-20 என்னும் உங்கள் மாணவர் படிவத்தில் குறித்துத் தர வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருக்கவும் வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்தானே என்று கேட்காமல் போய்விடாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் துறை சார்ந்த வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம். அறிவியல், பொறியியல்காரர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு வரலாறு, இலக்கியக்காரர்களுக்குக் கிடையாது. பொருளாதாரத்தில் மட்டும் ஒரு நுணுக்கம்: சில பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தை, அரசு வைத்திருக்கும் பாடக் குறியீடுகளில் 'எகனாமெட்ரிக்ஸ்' என்ற குறியீட்டில் பதிவு செய்திருக்கின்றன, அங்கே நீட்டிப்பு உண்டு. மேஜரை அறிவிக்கும் முன் குறியீட்டு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடிதம் கேட்கும் நாள்

கடைசியில் மறுபடி அந்தக் கடிதத்துக்கே வருகிறோம். குறைந்தது நான்கு வாரம் முன்னால் கேளுங்கள். "எனக்கு ஒரு கடிதம் தர முடியுமா" என்பதைவிட "என்னைப் பற்றி வலுவாக எழுதும் அளவுக்கு உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்களா" என்று கேட்பது நல்லது. தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை. சம்மதித்தால் ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்புங்கள்: எதற்கான விண்ணப்பம், கெடு, எங்கே பதிவேற்ற வேண்டும், உங்கள் வரைவு, அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை ஒன்று அவருடைய குறிப்புகளோடு. கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் பணிவாக ஒரு நினைவூட்டல்.

முடிவு வந்ததும் அவருக்குச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டாலும் அன்றைக்கே. எனக்கு முதல் விண்ணப்பம் தட்டிப்போனபோது வெட்கப்பட்டு ஒரு மாதம் அவர் அறைப் பக்கமே போகவில்லை. ஒருநாள் நூலகப் படிக்கட்டில் எதிரே வந்தவர் நின்று, "என்ன ஆச்சு, அடுத்ததுக்கு எப்போ ஆரம்பிக்கிறோம்?" என்று கேட்டார். அன்று மாலையே உட்கார்ந்து ஆரம்பித்தோம்.